என் இன்ஜினா ஆயில் குடிக்குது?

அந்தச் சிவப்பு ஹெலிகாப்டரை வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து கேப்டன் தன் மருமகளோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் வாயைத் திறக்கவே இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. எல்லாம் மகன் வழியாகப் போய், மகன் வழியாகவே திரும்பி வந்தது. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, தண்ணித் தொட்டி நிரம்பி வழியுது" என்பார் கேப்டன். பொண்டாட்டி அந்தக் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

போன வாரம் அந்த வீட்டுக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மலை உச்சிகளுக்கு ஹெலிகாப்டரில் பாரம் தூக்கிக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் தொழில். மாமியார் பைலட். ஊரே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். மருமகள் இன்ஜினியர். மகன் எரிபொருள் லாரி ஓட்டுகிறான். தரையை விட்டு ஓரடி மேலே போனாலும் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும் என்பதால் அவன் பெயர் தரைப்படை. அவர்களுடைய பழைய ஹெலிகாப்டர் ஆயுள் முடிந்து படுத்துவிட்டது. அடுத்த வாரம் மலைமேல் ஒரு கோபுர வேலை ஆரம்பம். புதிதாக வாங்கக் கட்டாது. யாரோ ஓட்டிய ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோது வந்ததுதான் அந்தச் சிவப்பு. கேப்டன் பார்த்த மாத்திரத்திலேயே மயங்கிவிட்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போட்டோ அனுப்பியாகிவிட்டது. கடைசியில் மருமகள் வால் பகுதிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் உலோகம் அரித்துப்போய் மாவாக உதிர்ந்தது.

"இது வேண்டாம் அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

எந்நேரமும் கையில் டார்ச்சோடு திரிவதால் கேப்டன் அவளுக்கு வைத்திருந்த செல்லப் பெயர் 'டார்ச்'. அன்றைக்கு மட்டும் அது 'டார்ச்சர்' என்று நீண்டது. அதற்கப்புறம் பெயரே இல்லை. 'உன் பொண்டாட்டி' மட்டும்தான்.

இன்றைக்குக் காலையில் மூன்று பேரும் லாரியின் முன்பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் கேப்டன். நடுவில் மருமகள். ஸ்டியரிங்கில் தரைப்படை.

"இந்தத் தடவை மெஷினோட லட்சணத்தை ஓனர்கிட்டயே மொதல்ல கேட்டுடறேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"அம்மா, அவ உன் தோள்ல இடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா."

"சொல்லுன்னா சொல்லேன்."

"அத்தை கேட்டா நல்லதுதான்னு சொல்லுங்க" என்றாள் மருமகள், முன்னால் பார்த்தபடியே.

"ரெண்டு பேரும் எனக்கு ஆளுக்கு ஒரு சம்பளம் குடுங்க" என்றான் தரைப்படை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மருமகளுக்கு மட்டும் உதட்டோரம் துடித்தது. அதைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். இன்றைக்கும் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால்? இன்னொரு முறை 'வேண்டாம் அத்தை' என்று சொல்ல வேண்டி வந்தால், இந்த வீட்டில் அடுத்த பொங்கல் பானை பொங்கும் வரைக்கும், இல்லை, தன் தலை நரைக்கும் வரைக்கும் தரைப்படை தபால்காரனாகவே இருக்க வேண்டியதுதான்.

ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றின் நடுவே, பழம் தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட இன்னொரு கொட்டகை இருந்தது. அதற்குள் ஹெலிகாப்டர் நின்றது. வெள்ளை உடம்பு, இடுப்பில் ஒரு நீலக் கோடு. ஒற்றை இன்ஜின். ஐந்து பேர் உட்காரலாம். வயிற்றுக்கடியில் பாரம் தொங்கவிடும் கொக்கி. சிவப்பைப் போல மினுக்கவில்லை. ஆனால் குளித்து முடித்து, தலை வாரி, வேலைக்குக் கிளம்பத் தயாராக நிற்கிற ஆளைப் போல இருந்தது.

கேப்டன் இறங்கியவர் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். மருமகள் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். 'போச்சு, மறுபடியும் விழுந்துட்டாங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

தோட்டத்துக்காரர் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். சட்டைப்பையில் தடித்த கண்ணாடி.

"வாங்க, வாங்க. பாவம், இவ்வளவு தூரம் வீணா வந்துட்டீங்களே" என்று வரவேற்றார்.

"வீணாவா?" என்றார் கேப்டன்.

"நான் பொய் சொல்ல மாட்டேங்க. வாங்குறவங்க நல்லா இருக்கணும் இல்லையா? இது ஆயில் குடிக்குது. சாதாரணமா இல்ல, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி. அப்புறம் பறக்கும்போது இடது பக்கம் இழுக்கும். இடது பக்கம் திருப்பினா வால்ல ஒரு சத்தம் வரும். கடகடன்னு. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது."

விற்க வந்த சரக்கை இப்படிக் குழியில் இறக்கும் மனிதரை மருமகள் அதுவரை பார்த்ததில்லை.

கேப்டனின் முகம் சுருங்கிப் போயிற்று. போன வாரம் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. மகன் பக்கம் திரும்பினார். "கிளம்பலாம்டா. போன தடவை இவ வேண்டாம்னா. இந்தத் தடவை ஓனரே வேண்டாங்கிறார். எனக்கு ஹெலிகாப்டர் யோகமே இல்ல."

"வந்தது வந்தோம், நான் ஒரு பார்வை பாத்துட்டு வரேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க" என்றாள் மருமகள்.

தோட்டத்துக்காரர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "எதுக்கும்மா கையை அழுக்காக்கிக்கிட்டு?"

"அழுக்கு எனக்குப் பழக்கம்தான் சார்."

ஏணியைச் சாய்த்து ஏறினாள். இன்ஜின் மூடியைத் திறந்தாள். டார்ச்சை அடித்தாள். அடித்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நட்டுகள் கழன்றுவிடாமல் கட்டும் மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரே சீராக, சின்னப் பெண்ணுக்குப் பின்னிய ஜடை மாதிரி முறுக்கப்பட்டிருந்தன. ஒரு குழாயாவது இன்னொரு குழாயை உரசவில்லை. ஆயில் ஒழுகும் இன்ஜினுக்கு அடிவயிறு நனைந்து புழுதி ஒட்டியிருக்கும். கீழே இறங்கி, மல்லாந்து படுத்து, விரலால் தடவிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு போலக் காய்ந்திருந்தது.

ஆயிலுக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். உள்ளே எங்காவது பல்சக்கரம் தேய்ந்தால் உலோகத் தூள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். எந்த இன்ஜினியரையும் முதலில் கலங்கவைக்கிற இடம் அது. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு மயிரிழைகூட இல்லை.

வால் முழுவதும் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், காதை வைத்துக்கூடக் கேட்டாள். ரோட்டர் இறக்கைகளின் விளிம்பை உள்ளங்கையால் முழு நீளத்துக்கும் தடவினாள். அரிப்பு இல்லை, விரிசல் இல்லை, ஒட்டுப்போட்ட அடையாளம் இல்லை.

அவளுக்குக் குழப்பம் வந்தது. குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை இருக்கிறது என்று ஓனர் சத்தியம் செய்கிறார், மெஷினோ இல்லை என்கிறது. யாரை நம்புவது?

"சார், ஒரு மணி நேரம் ஓடினா எவ்வளவு ஆயில் குடிக்கும்?" என்று ஏணியின் மேலிருந்தே சத்தமாகக் கேட்டாள்.

அந்தச் சத்தம் பக்கத்துக் கொட்டகை வரைக்கும் போய்விட்டது.

தரம் பிரிக்கும் மேஜையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். இடுப்பில் ஏப்ரன், கையில் ஒரு ஆரஞ்சு. தோட்டத்துக்காரரின் மனைவி. வந்த வேகத்தில் தரைப்படை தானாகவே வழிவிட்டான்.

"யாரு சொன்னது ஆயில் குடிக்குதுன்னு?"

தோட்டத்துக்காரர் கூரையில் ஏதோ ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"என் இன்ஜினா ஆயில் குடிக்குது? என் கையால கழுவி, என் கையால மாட்டி, இத்தனை வருஷமா புள்ளை மாதிரி பாத்துக்கிட்ட இன்ஜினா? கண்ணு, நீ இறங்கி வா. இந்த மனுஷன் உங்ககிட்ட வேற என்னென்ன சொன்னாரு?"

மருமகள் இறங்கி வந்தாள். "இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னாரும்மா. அப்புறம் வால்ல கடகடன்னு..."

"கடகடன்னா?" தோட்டத்தம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சைப் பிடித்திருந்த கை மெல்ல உயர்ந்தது. எறியப்போகிறார் என்றே மருமகள் நினைத்தாள். "ஏங்க, இதுவரைக்கும் வந்த எட்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லாம திரும்பிப் போனாங்களே. அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னீங்களா?"

"எட்டு பேர்கிட்டயும் இல்ல" என்றார் தோட்டத்துக்காரர் முனகலாக. "ஒருத்தன்கிட்ட சீட்டுக்கடியில பாம்பு இருக்குன்னு மட்டும்தான் சொன்னேன்."

தரைப்படைதான் முதலில் வெடித்துச் சிரித்தான். அவனைப் பார்த்து மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேப்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின.

தோட்டத்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான்தான் இந்த மெஷினுக்கு இன்ஜினியர்" என்றார் மருமகளிடம். "அவர் ஓட்டுவாரு, நான் பாத்துக்குவேன். கண்பார்வை போதாதுன்னு டாக்டர் அவரை இறக்கிவிட்டுட்டாரு. சும்மா நின்னா மெஷின் கெட்டுப்போகும், யாராவது ஓட்டட்டும்னு நான்தான் விக்கச் சொன்னேன். ஏன் யாருமே வாங்க மாட்டேங்கிறாங்கன்னு ராவெல்லாம் மண்டையை உடைச்சிக்கிட்டேன். என் வேலையிலதான் ஏதோ குறையோன்னு!"

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் தளர்ந்தது. மருமகளுக்கு அது சுருக்கென்று தைத்தது. "உங்க வேலையில குறை சொல்ல எனக்கு ஒண்ணுமே கிடைக்கலம்மா" என்றாள். "கம்பி முறுக்கியிருக்கிற அழகைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன்."

தோட்டத்தம்மா கையிலிருந்த ஆரஞ்சை அவள் கையில் வைத்து அழுத்தினார். "ஓட்டிப் பாருங்க. ஓட்டிப் பாத்தா எல்லாம் தெரிஞ்சுடும்."

ஹெலிகாப்டரைச் சக்கரம் மாட்டி எல்லோருமாக வெளியே தள்ளினார்கள். கேப்டன் வலது சீட்டில் ஏறினார். மருமகள் இடது சீட்டில். பேட்டரி சுவிட்சைப் போட்டார் கேப்டன். ஒரு விளக்குகூட எரியவில்லை.

வெளியே தோட்டத்தம்மா கணவர் முன்னால் கையை நீட்டினார். அவர் சட்டைப்பையில் துழாவி, கண்ணாடியை எடுத்து, அதற்குப் பின்னாலிருந்து ஒரு நட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார். பேட்டரி நட்டு.

"பின்சீட்டுல ஏறுங்க" என்றார் தோட்டத்தம்மா. "அந்தக் கடகடா எங்க கேக்குதுன்னு நீங்களே வந்து காட்டுங்க."

நட்டை மாட்டியதும் இன்ஜின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. மெல்லிய விசில் போலத் தொடங்கி, ஏறி ஏறி, தலைக்குமேல் ரோட்டர் சுழல ஆரம்பித்தது. மருமகளின் கண் மீட்டர்களிலிருந்து அசையவில்லை. காதில் ஹெட்செட். வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பேருடைய மூச்சு.

தரைப்படையோ வெளியே, காற்றில் சட்டை படபடக்க, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றான். சொல்லி அனுப்ப இங்கே ஆள் இல்லை.

கேப்டன் தொண்டையைச் செருமினார். ஒருமுறை. இன்னொரு முறை.

"டார்ச்" என்றார். "ஆயில் பிரஷர் எவ்வளவு?"

மருமகளுக்கு மீட்டர் ஒரு கணம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டாள். "பச்சையில, நட்ட நடுவுல நிக்குது அத்தை."

"சூடு?"

"அதுவும்."

"அப்போ போகலாமா?"

"போகலாம் அத்தை."

தரை நழுவிக் கீழே போயிற்று. ஆரஞ்சு மரங்கள் வரிசை வரிசையாக விரிந்தன. கொட்டகையின் தகரம் பளிச்சென்று ஒருமுறை கண்ணைக் குத்திவிட்டு மறைந்தது. கேப்டன் மேலே ஏறினார், நின்றார், பின்னால் நகர்த்திப் பார்த்தார், பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார். கை வைத்த இடத்துக்கு மெஷின் வந்தது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பழகிய வீட்டில் விளக்கைத் தேடாமல் சுவிட்சைப் போடுவது போல இருந்தது அவர் ஓட்டிய விதம். மாமியார் இப்படிச் சந்தோஷமாக ஓட்டி மருமகள் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"இப்போ இடது பக்கம் திருப்பப் போறேன்" என்றார் கேப்டன். "நல்லா காது குடுத்துக் கேளு."

திருப்பினார். சாதாரணத் திருப்பமா அது? ஜன்னல் முழுக்கத் தோட்டமே எழுந்து நின்றது. மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கேப்டன் பட்டென்று நேராக்கினார். "என்னம்மா? வயித்தைப் புரட்டுதா?" குரலில் ஒரு தனி ஆசை எட்டிப் பார்த்தது. "காலையிலயும் நீ சரியாச் சாப்பிடல. ஏதாவது... விசேஷமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க திருப்புன திருப்பம் அப்படி."

ஹெட்செட்டில் கேப்டனின் சிரிப்பு வெடித்தது. இத்தனை நாள் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது போல. பின்சீட்டிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. அது கொஞ்சம் ஈரமாக இருந்தது.

"சார்" என்றாள் மருமகள், திரும்பாமலே. "சத்தம் எந்த இடத்துல வரும்?"

தோட்டத்துக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"வராதும்மா. எப்பவுமே வந்ததில்ல."

கேப்டன் வேகத்தைக் குறைத்தார்.

"தினமும் காலையில எழுந்ததும் கொட்டகைக்குப் போவேன்" என்றார் தோட்டத்துக்காரர். "சீட்டுல ஏறி உக்காருவேன். ஒண்ணும் தொட மாட்டேன். வித்துட்டா காலையில எழுந்து எங்க போறதுன்னு தெரியல. அதான்... வாயில வந்ததெல்லாம் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். கேப்டன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அந்த மேட்டைத் தாண்டினா காத்து எப்படி சார் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"கீழ தள்ளும்" என்றார் பின்சீட்டுக்காரர் உடனே. குரல் நிமிர்ந்துவிட்டது. "வலது பக்கமா ஒட்டிப் போங்க. பாறை தெரியுது பாருங்க, அங்க தூக்கிக் குடுக்கும்."

அவர் சொன்ன இடத்தில் சொன்னபடியே தூக்கிக் கொடுத்தது. "அடேயப்பா!" என்றார் கேப்டன். அதற்கப்புறம் இரண்டு பைலட்டுகளும் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். மருமகள் ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தாள்.

கடைசியாகப் பாரம். தரைப்படை தண்ணீர் நிரப்பிய ட்ரம்மை வலையில் கட்டித் தயாராக வைத்திருந்தான். ஏணியில் ஏறினாலே கால் நடுங்குகிற அவன், தலைக்குமேல் ஒரு ஹெலிகாப்டர் அலறிக்கொண்டு நிற்க, அதன் வயிற்றுக்கடியில் அசையாமல் நின்று கொக்கியை மாட்டினான். கதவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்கு அந்த நேரத்தில் அவன்மேல் கொள்ளை ஆசை வந்தது. ட்ரம் தரையை விட்டு எழுந்தது. ஆடவில்லை. கேப்டன் அதைத் தோட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே பூப்போல வைத்தார்.

இறங்கி, ரோட்டர் நின்றதும் கேப்டன் கேட்டார். "டார்ச், என்ன சொல்றே?"

மருமகள் வேண்டுமென்றே கொஞ்சம் யோசிப்பது போல நின்றாள்.

"வாங்கலாம் அத்தை."

கேப்டன் அவளை இழுத்து ஒரு அணை அணைத்தார். ஹெட்செட் வயர்கள் இரண்டும் சிக்கிக்கொண்டன.

தோட்டத்துக்காரர் மனைவி முன்னால் போய் நின்றார். "குடுத்துடலாம்மா" என்றார். "நல்ல கை. நான் பாத்துட்டேன்."

பிரச்சினை தீர்ந்தது என்று தரைப்படை தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அப்போதுதான் தோட்டத்தம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் இன்னும் குடுக்கறேன்னு சொல்லலையே. இதுல பாதி என் பேர்ல இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க அந்தச் சிவப்பு மெஷினைப் பாக்கப் போனது, இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொன்னது, எல்லாம் எனக்குத் தெரியும். நம்ம தொழில்ல ஆளுங்க ரொம்பக் கம்மி, பேச்சு சீக்கிரம் பரவிடும். நீங்க நல்லா ஓட்டறீங்க கேப்டன், அதுல சந்தேகம் இல்ல. இவரும் நல்லாத்தான் ஓட்டினாரு. ஆனா மெஷின்மேல ஆசைப்படறவங்களுக்கு அதோட குறை கண்ணுக்குத் தெரியாது. 'இன்னைக்கு வேண்டாம்'னு நான் எத்தனை நாள் கத்தியிருப்பேன் தெரியுமா? பாதி என் பேர்ல இருந்ததாலதான் பாதி நாளாவது கேட்டாரு."

"அதனால?" என்றார் கேப்டன் மெதுவாக.

"இந்தப் பொண்ணு பேருக்கு எழுதறதா இருந்தா விக்கறேன். முழுசா. இல்லேன்னா கொட்டகையிலயே நிக்கட்டும்."

தரைப்படையின் கையில் பாட்டில் பாதி வழியில் நின்றது. மருமகள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா? இப்போதுதான் வாய் நிறைய 'டார்ச்' என்று கூப்பிட்டார்.

"அம்மா, அதெல்லாம் எதுக்கு?" என்றாள் பதறி. "கம்பெனி அத்தையோடது. நான் வெறும்..."

"நீ சும்மா இரு" என்றார் கேப்டன். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நானும் என் மருமகளும் கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து வால் பக்கமாக அழைத்துப் போனார்.

அங்கே நின்று, நீலக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா சொன்னது சரிதான். எனக்குக் கோபம் வரணும். ஏனோ வரல. எழுதிக்கோ. பேங்க்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"அத்தை..."

"நான் இன்னும் முடிக்கல. எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு. பின்சீட்டுல உக்காந்து அந்த மனுஷன் அழுதாரே, கேட்டியா? அவரை ஒரு வெளியாள் இறக்கிவிட்டாரு. ஒரு டாக்டரு. எனக்கும் ஒரு நாள் அப்படி வரும். அன்னைக்கு வேற யாரும் என்கிட்ட வந்து சொல்லக் கூடாது. நீ வந்து சொல்லணும். போன வாரம் சொன்ன பாரு, 'வேண்டாம் அத்தை'ன்னு, அதே மாதிரி."

"சொன்னா நீங்க நாலு நாள் பேச மாட்டீங்களே" என்றாள் மருமகள்.

"பத்து நாள்கூடப் பேச மாட்டேன். அதுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துடாதே."

"சொல்றேன் அத்தை."

"அப்போ சரி, முதலாளியம்மா" என்று சொல்லிவிட்டு, கேப்டன் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்ததில் அது காது வரைக்கும் பரவியது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரே அமர்க்களம். கொட்டகை போனில் இன்ஷூரன்ஸ்காரரைக் கூப்பிட்டு, பேங்க்கைக் கூப்பிட்டு, முன்பணம் அனுப்பி, மெஷினை இன்றைக்கே கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். தரைப்படை ஆரஞ்சுக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான். இரண்டு இன்ஜினியர்களும் இன்ஜின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு, எந்த நட்டு எந்த மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்று பேசித் தீரவில்லை. தோட்டத்தம்மா தன் பழைய உபகரணப் பெட்டியை எடுத்துவர உள்ளே போனார்.

கேப்டனும் மருமகளும் கிளம்பலாம் என்று கதவைத் திறந்தார்கள்.

பின்சீட்டில் தோட்டத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். பெல்ட் போட்டாகிவிட்டது. தலையில் ஹெட்செட். மடியில் ஒரு தோல்பெட்டி, அவசரத்தில் மூடியதில் ஒரு சட்டைக் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"பின்சீட்டு காலியாத்தானே போகுது?" என்றார் அவர், கண்ணாடி வழியே நேராக முன்னால் பார்த்தபடி. "மலைக் காத்துல இந்த மெஷின் உங்களுக்குப் புதுசு. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம்."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றாள் மருமகள்.

அவர் பெட்டியின் பூட்டைச் சரிசெய்வதில் மும்முரமானார்.

கொட்டகையை ஒட்டிய வீட்டிலிருந்து தோட்டத்தம்மாவின் குரல் வந்தது. "ஏங்க! ஏங்க! அலமாரியை ஏன் இப்படித் திறந்து போட்டிருக்கீங்க?"

மருமகள் கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தார். "என்னை ஏன் பாக்கறே? மெஷின் உன்னோடது."

குரல் கொட்டகையின் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் எரிபொருள் மீட்டரை ஒரு பார்வை பார்த்தாள். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். பிறகு பின்சீட்டுப் பக்கம் குனிந்து, தொங்கிய சட்டைக் கையைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"பெட்டியோட சேத்து உங்க எடை எவ்வளவு சார்?" என்றாள்.